பரணில் இருப்பதெல்லாம் பத்திரமாக இல்லை

மிதுன மாதத்தின் கடைசி நாளில் கேரளத்து வீடுகளில் பெரிய துப்புரவு நடக்கும். மறுநாள் கர்க்கடகம் பிறக்கிறது. நம் ஆடிதான் அது. மூலைமுடுக்கெல்லாம் பெருக்கிக் கழுவி, மூதேவியை வெளியே அனுப்பி, சீதேவியை உள்ளே அழைப்பார்கள். மார்கழி கடைசியில் போகிக்கு நாம் செய்வதை இவர்கள் ஆடிக்கு முன்பாகச் செய்கிறார்கள். கொச்சியின் மட்டாஞ்சேரியில் இரண்டு வழக்கத்தையும் கைக்கொள்ளும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

ஓட்டை உடைசலெல்லாம் அன்றைக்கே வெளியே போய்விடும். காகிதம் மட்டும் போகாது. கல்யாணப் பத்திரிகை, இன்லண்ட் லெட்டர், பிள்ளைகளின் மார்க் ஷீட், 2013 ஜூலையோடு நின்றுபோன தந்தி, செல்லாத ரேஷன் அட்டை என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இரண்டு வரி படித்து, மறுபடி சணல் கயிற்றில் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவோம். ஏற்றியதும் மனம் ஆறிவிடுகிறது. அது பத்திரமாக இருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் மேற்குக் கடற்கரையின் காற்றில் பரண்தான் காகிதத்துக்கு மிக மோசமான இடம். அங்கே போட்டு வைத்தது காப்பாற்றப்படவும் இல்லை, விடைகொடுக்கப்படவும் இல்லை. யாரும் பார்க்காமல் மெல்ல அழிகிறது. இது ஏன் என்பதை வேதியியலும் வரலாறும் மனவியலும் சேர்ந்துதான் சொல்ல முடியும்.

12ஆம் நூற்றாண்டில் இந்தக் கடற்கரையில் காகிதம் அருமையான பொருள். துனீசியாவில் பிறந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகர் 1132 முதல் 1149 வரை பெரும்பாலும் மங்களூரில் தங்கி மிளகும் இஞ்சியும் வாங்கி அனுப்பினார். பித்தளைப் பாத்திரப் பட்டறையும் நடத்தினார். ஏடனிலிருந்த கூட்டாளிகள் அவருக்குச் சர்க்கரை, உலர்திராட்சையோடு வெள்ளைக் காகிதத்தையும் அன்பளிப்பாக அனுப்பினார்கள். எழுதும் அளவுக்கு இங்கே காகிதம் கிடைக்கவில்லை. அதனால் வந்த கடிதத்தின் பின்பக்கத்தையும் அவர் விடவில்லை. கணக்கு, சாமான் பட்டியல், கவிதை முயற்சி என்று எல்லாவற்றையும் அதிலேயே எழுதினார்.

அந்தத் தாள்களை இன்றும் படிக்க முடிகிறது. கடைசிக் காலத்தில் அவர் எகிப்துக்குப் போனபோது அவையும் கூடவே போய், பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் சேர்ந்தன. கடவுளின் பெயர் எழுதப்பட்ட தாளைக் குப்பையில் போடக்கூடாது என்பது யூத மரபு. பயனற்றுப்போன தாள்களை ஓர் அறையில் சேர்த்துவைத்துப் பிறகு மண்ணில் புதைப்பார்கள். அந்த அறைக்கு கெனிசா என்று பெயர். பென் எஸ்ராவிலோ, உயரத்தில் ஒரு திறப்பு மட்டுமே உள்ள அறைக்குள் நூற்றாண்டுகளாகத் தாள் விழுந்துகொண்டே இருந்தது. புதைப்பது பெரும்பாலும் நடக்கவில்லை. 1896-97இல் சாலமன் ஷெக்டர் அங்கிருந்து கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோன துண்டுகள் மட்டும் 1,90,000-க்கு மேல். மலபார் வணிகம் பற்றிய கடிதங்களை அவற்றிலிருந்து தேடித் தொகுத்தவர் எஸ்.டி. கொய்டைன்.

அதே தாள்கள் மங்களூரிலோ மட்டாஞ்சேரியிலோ தங்கியிருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. கெய்ரோவில் ஆண்டுக்குச் சுமார் 25 மில்லிமீட்டர் மழை. கொச்சியில் சுமார் 3,000. பருவமழைக் காலத்தில் இங்கே காற்றின் ஈரப்பதம் பல நாள் 85 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும். 65, 70 விழுக்காட்டைக் கடந்தாலே பூஞ்சை முளைக்கத் தொடங்கிவிடும். காகிதம் என்றில்லை, கட்டடமும் இந்த ஈரத்துக்குத் தப்புவதில்லை. மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் தொழுகைக்கூடத்தின் முகப்பு 2019 செப்டம்பர் மழையில் இடிந்து விழுந்தது.

காகிதம் பெரும்பாலும் செல்லுலோஸ். குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்த நீண்ட சங்கிலிகள் அதன் இழைகளில் இருக்கின்றன; தாளின் உறுதி அந்த நீளத்தில்தான் இருக்கிறது. தண்ணீரும் அமிலமும் சேர்ந்தால் சங்கிலி இடையிடையே அறுபடும். நீளம் குறையக் குறைய, முதலில் மடிப்பில் விரிசல் விடும். பிறகு தொட்டாலே உதிரும். வெப்பம் இதை விரைவுபடுத்துகிறது. 5 டிகிரி கூடினால் சிதைவின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது ஆவணப் பாதுகாப்பாளர்களின் தோராயக் கணக்கு. ஓட்டுக் கூரைக்கு நேர் கீழே இருக்கும் பரண் பங்குனி, சித்திரையில் எப்படிக் காயும் என்பது ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெயில் காலத்தில் சூடு, மழைக் காலத்தில் ஈரம் என்று இரண்டையும் அது மாறி மாறிக் கொடுக்கிறது.

அமிலம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தாளுக்குள்ளேயே இருக்கிறது. பென் யிஜு எழுதிய காகிதம் பழந்துணி நாரில் செய்தது. அதில் அமிலம் குறைவு. 19ஆம் நூற்றாண்டில் மை ஊறிப் பரவாமல் இருக்கப் படிகார வகை உப்பையும் பைன் மரப் பிசினையும் சேர்க்கத் தொடங்கினார்கள். அந்த உப்புதான் ஈரத்தில் அமிலத்தை உண்டாக்குகிறது. மரத்தை அரைத்த கூழும் அதே நூற்றாண்டில் வந்துசேர்ந்தது. மரத்திலுள்ள லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகும். செய்தித்தாள் சீக்கிரம் பழுப்பதற்குக் காரணம் இதுவே. ஆகவே தாத்தா 1960களில் மலிவு நோட்டில் எழுதிய குறிப்பைவிட, 900 ஆண்டுக்கு முந்தைய கடிதம் உறுதியாக இருக்கக்கூடும். வயதை வைத்துக் காகிதத்தின் உடல்நிலையைச் சொல்ல முடியாது.

மையும் தாளைத் தின்னும். ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் பயன்படுத்திய மை, மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்தது. மாசிக்காயின் துவர்ப்புச் சத்தும் அன்னபேதியின் இரும்பும் கூடிக் கறுப்பு நிறம் தரும். மிஞ்சிய இரும்பும் அமிலமும் எழுத்தின் வடிவத்திலேயே தாளை அரிக்கும். வரிகள் ஓட்டையாகிச் சல்லடைபோல் ஆகிவிடும். 1663 முதல் 1795 வரை கொச்சியை ஆண்ட டச்சுக் கம்பெனியின் ஆவணங்கள் இந்த மையில் எழுதியவை. அவற்றில் பெரும்பகுதி இன்று சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. டச்சுக் கம்பெனி ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தபோது சென்னைத் தொகுப்பும் அதில் அடங்கியது. கொச்சியின் பழைய சொத்துத் தகராறும் மிளகுக் கொள்முதலும் கூவத்தின் கரையோர நகரத்தில் பாதுகாக்கப்படுகின்றன என்பதை மட்டாஞ்சேரியில் சொன்னால் பலர் வியப்பார்கள்.

இந்த ஈர மண்ணில் எழுத்தைக் காப்பாற்றியவர்கள் என்ன செய்தார்கள்? நெடுங்காலம் நிலைக்க வேண்டியதைச் செம்பில் வெட்டினார்கள். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழ கி.பி. 1000இல் யோசேப்பு ரப்பானுக்கு அளித்த உரிமைப் பட்டயம் வட்டெழுத்தில் செப்பேடாக மட்டாஞ்சேரியின் பரதேசி தொழுகைக்கூடத்தைச் சேர்ந்ததாக இருந்து வருகிறது. மற்றவற்றைப் பனையோலையில் எழுதினார்கள். புல்தைலம் பூசி, வசம்பு வைத்து, இராமபாணப் பூச்சியிடமிருந்து காத்தார்கள். அந்தப் புல்தைலம் கொச்சித் துறைமுகத்திலிருந்து ஏராளமாகப் போனதால் உலகச் சந்தையில் கொச்சின் ஆயில் என்றே பெயர் பெற்றது. எவ்வளவு காத்தாலும் ஓலைக்குச் சில நூற்றாண்டுதான் ஆயுள். அதனால் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதினார்கள். எழுதி முடித்தபின் நைந்ததை ஆற்றிலோ அக்கினியிலோ சேர்த்தார்கள். படி எடுப்பதும் விடைகொடுப்பதும் ஒரே வேலையின் இரண்டு பாதியாக இருந்தன.

முதல் பாதி நின்றுபோய் இரண்டாம் பாதி மட்டும் மிஞ்சியபோது பேரிழப்பு நேர்ந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிப் போன உ.வே. சாமிநாதையருக்கு, சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அந்த நிகழ்ச்சியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். அந்தச் சடங்கைக் குறை சொல்ல மாட்டேன். படி எடுக்காமல் சடங்கைச் செய்ததுதான் துயரம்.

முதல் பாதியை விடாமல் செய்தவர்கள் மட்டாஞ்சேரியிலேயே இருந்தார்கள். கொச்சி யூதப் பெண்கள் திருமணத்திலும் திருவிழாவிலும் மலையாளப் பாட்டுகள் பாடினார்கள். அந்தப் பாட்டுகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தார்கள்; நோட்டு நைந்தால் மகளோ மருமகளோ புது நோட்டில் பெயர்த்து எழுதினாள். 1950களின் நடுவில் பெரும்பாலான குடும்பங்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது இந்த நோட்டுகளும் பெட்டியில் ஏறின. 1912இல் கொச்சியில் பிறந்து 1951இல் இஸ்ரேலுக்குப் போன ரூபி டேனியல், பல பாட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். பார்பரா ஜான்சன், ஸ்கரியா சக்கரியா, ஓஃபிரா கம்லியேல் ஆகியோர் நோட்டுகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். நமக்குக் கிடைத்திருக்கும் நோட்டுகளைவிடப் பாட்டுகள் மிகப் பழையவை. எந்த ஒரு தாளும் அவற்றை இத்தனை காலம் சுமக்கவில்லை. கை மாற்றிக் கை எழுதியதால் தங்கின.

நம்மால் ஏன் அப்படிப் படி எடுத்துவிட்டுப் பழையதை விட முடியவில்லை? என் அத்தை வீட்டு ட்ரங்குப் பெட்டியைச் சென்ற ஆடிக்கு முன் திறந்தோம். மாமா மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மலைச்சரக்கு மண்டி ஒன்றில் கணக்கெழுதியவர். மேலே ஒரு கல்யாணப் பத்திரிகை. நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள் வெளிப்பக்கம் அடையாளமே இல்லாமல் வெளுத்திருந்தது. மடிப்பைப் பிரித்தால் உள்ளே மட்டும் நேற்றுத் தடவியதுபோல் இருந்தது. மஞ்சளின் நிறமி வெளிச்சம் பட்டால் சிதையும்; இருட்டில் தாங்கும். அதற்குக் கீழே ஓர் இன்லண்ட் லெட்டர், மூன்று மடிப்பிலும் கிழிந்து நான்கு துண்டாக.

"அத்தே, இதுல ஒண்ணுமே இல்லையே. ஊருக்கு வந்து சேர்ந்தேன், மழை பெய்யுதுன்னு எழுதியிருக்கார். போட்டுடலாமா?"

"போடாதேடா. அது உங்க மாமா கையெழுத்து."

அத்தை சொன்னதில் அறிவியல் இருக்கிறது. மூலப்பொருளில் அந்த மனிதர் ஒட்டிக்கொண்டிருப்பதாக மனம் எடுத்துக்கொள்கிறது. புரூஸ் ஹூட், பால் புளூம் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், 3 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் எதையும் அச்சு அசலாகப் படி எடுக்கும் இயந்திரம் என்று ஒரு பெட்டியைக் காட்டினார்கள். தூங்கும்போது கட்டிக்கொள்ளும் பொம்மையை அதில் வைக்கவே சில குழந்தைகள் மறுத்தன. வைத்தவற்றில் பெரும்பாலானவை அசலையே திரும்பக் கேட்டன. பெரியவர்களும் இதில் மாறுவதில்லை. தன்னுடையது என்று ஆனதும் எதற்கும் மதிப்பு ஏறுகிறது; டேனியல் கானமன், ஜாக் நெச், ரிச்சர்ட் தேலர் 1990இல் வெளியிட்ட சோதனையில், கையில் கொடுத்த சாதாரணக் காபிக் குவளையை விற்க மாணவர்கள் கேட்ட விலை, மற்றவர்கள் கொடுக்க முன்வந்த விலையைவிட ஏறக்குறைய இரு மடங்கு.

காகிதத்தை வைத்தே மூளையைப் பார்த்த ஆய்வும் உண்டு. 2012இல் டேவிட் டோலின் குழுவினர், பொருள்களை விட முடியாமல் சேர்த்துக் குவிக்கும் நோயுள்ள 43 பேர், எண்ணச்சுழல் நோயுள்ள 31 பேர், நலமாக இருந்த 33 பேர் ஆகியோரை மூளை ஸ்கேன் கருவியில் படுக்கவைத்து, அவரவர் வீட்டுத் தபால் காகிதங்களையும் பிறருடையவற்றையும் காட்டி, வைக்கலாமா விடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றவை பிறகு கண்முன்னே துண்டாக்கப்பட்டன. குவிக்கும் நோயுள்ளவர்களுக்குப் பிறர் காகிதத்தின்போது மூளையின் முன்புற வளைமேட்டுப் பகுதியும் இன்சுலா பகுதியும் மந்தமாக இருந்தன. தம் காகிதம் என்றதும் அளவுமீறிக் கிளர்ந்தன. முடிவெடுப்பதே அவர்களுக்கு வேதனை. அத்தையைப் போன்றவர்களுக்கு இந்த நோய்ப் பெயர் பொருந்தாது. புழங்க இடமில்லாமல் வீடு முழுக்க நிறைந்து, வாழ்க்கையே தடுமாறும்போதுதான் அது நோய். ஆனால் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்கும் அந்தச் சில நொடி வலி எல்லோருக்கும் பொது. பரணில் ஏற்றினால் அந்த வலி உடனே தீர்கிறது, அதனால்தான் ஏற்றுகிறோம்.

படம் எடுத்துக்கொள்வது உதவுமா? உதவும் என்கிறது 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு. அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக விடுதிகளில் மாணவர்கள் ஊருக்குக் கிளம்பும் நேரத்தில், சில விடுதிகளில் பழைய பொருளைத் தானமாகக் கொடுங்கள் என்று மட்டும் அறிவித்தார்கள். வேறு சிலவற்றில் நினைவுப் பொருளைப் படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள் என்றார்கள். முதல் வகையில் 533 பொருள்கள் சேர்ந்தன, இரண்டாம் வகையில் 613. நினைவு போய்விடுமோ என்ற அச்சம் குறைந்ததால் கை விட்டது. இதற்கு எதிர்முனையில் லிண்டா ஹென்கல் 2014இல் கண்டது ஒன்று: அருங்காட்சியகத்தில் படமெடுத்த பொருளை, வெறுமனே பார்த்த பொருளைவிட மக்கள் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படமெடுத்தவர்களுக்கு நினைவு குறையவில்லை.

இந்த இரண்டையும் அந்த யூதப் பெண்களின் நோட்டோடு சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. ஒரே மூச்சில் நூறு தாளைச் செல்பேசியில் சுட்டுத் தள்ளுவது படி எடுப்பதாகாது. பரண் செல்பேசிக்குள் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். கடிதத்தை முழுக்க வாசித்து, இரண்டு பக்கமும் எடுத்து, கையெழுத்தில் ஒரு சொல்லை நெருக்கி எடுத்து, எழுதியவர் யார், யாருக்கு, எந்த ஆண்டு என்று ஒரு வரி சேர்த்தால்தான் அது படி. நினைவு தானாகப் புறப்பட்டு வருவதில்லை. இழுத்துவர ஒரு தூண்டுகோல் வேண்டும். அதற்கு முழுக் கட்டும் தேவையில்லை. மாமாவின் கடிதங்களில் அத்தை ஏழெட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு மாலை முழுதும் ஆனது. ஒவ்வொன்றையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். பல ஆண்டுகளாக அவர் அவற்றைப் பிரித்ததே இல்லை.

தேர்ந்தெடுத்ததைப் பரணுக்கு அனுப்பக்கூடாது. வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியின் நடுத்தட்டு நல்லது. குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்டு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்; துருவும் ரப்பரும் தாளைத் தின்னும். செலோ டேப் ஒட்டவே கூடாது. மலிவான பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். லாமினேஷன் செய்தால் பிரிக்கவே முடியாது. அமிலமற்ற காகித உறை போதும். மழைக்கு இடையே நல்ல வெயில் வரும் நாளில் நிழலில் விரித்துக் காற்றாட விட வேண்டும். தாள் நனைந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கும். உலர்த்த வழியில்லை என்றால் உறையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துப் பிறகு நிதானமாக உலர்த்தலாம். 2018 வெள்ளத்தில் ஆலுவா, பறவூர்ப் பக்கம் எத்தனையோ வீடுகளில் பத்திரமும் சான்றிதழும் சேறாயின. அரசு மறுபடி வழங்கக்கூடியதை வழங்கியது. வீட்டுக் கடிதத்துக்கு அந்த வழி இல்லை.

ஒன்றை மட்டும் இன்றே படியெடுங்கள்: குழந்தை வயிற்றில் இருந்தபோது எடுத்த ஸ்கேன் படம். அது பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சானது. அதில் மையே கிடையாது; தாளில் பூசிய சாயமும் இன்னொரு வேதிப்பொருளும் சூட்டில் கூடிக் கறுக்கின்றன. வெயிலும் வெப்பமும் பிளாஸ்டிக் உறையும் பட்டால் அந்தப் படம் சில ஆண்டிலேயே வெளிறிவிடும். கடை பில்லும் ஏ.டி.எம். சீட்டும் இதே வகைத் தாள்தான்.

மீதியை என்ன செய்வது? எரிக்கலாம் என்று கொச்சியில் இனி யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைமேடு பற்றியெரிந்து நகரமே நாள்கணக்கில் மூச்சுத் திணறியது. சாதாரணக் காகிதம் பழைய பொருள் வாங்கும் ஆக்ரிக்காரரிடம் போகலாம். கூழாகி மறுபடி தாளாகும், ஐந்தாறு முறை வரைக்கும் அந்த நார் தாங்கும். வெப்பத்தாளையும் பிளாஸ்டிக் பூசிய புகைப்படத்தையும் அதோடு கலக்கக்கூடாது. கடிதங்களைக் கடையில் போட மனம் வராதவர்கள் தண்ணீரில் ஊறவைத்துத் தோட்டத்து மண்ணில் புதைக்கலாம். கடவுளின் பெயர் எழுதிய தாளை மண்ணுக்குக் கொடுக்கும் வழக்கம் இந்த ஊருக்குப் புதிதில்லை.

ஆக்ரிக்காரர் வருவதற்கு முன் ஒரு கட்டை மட்டும் பிரித்துப் பாருங்கள். அத்தை தயக்கமே இல்லாமல் வாசலில் எடுத்து வைத்தது மாமாவின் கணக்குக் கட்டு: மிளகு, சுக்கு, ஏலம் வந்த மூட்டைகள், எடை, அன்றைய விலை, சுமட்டுக் கூலி, வள்ளக் கூலி. அதில் யாருடைய அன்பும் இல்லை என்பதால் அவருக்கு அது வெறும் தாள். கொய்டைன் தேடிப் படித்ததோ பெரும்பாலும் இந்த மாதிரித் தாள்களைத்தான். பென் யிஜுவின் சாமான் பட்டியலிலிருந்துதான் 12ஆம் நூற்றாண்டு மலபார்க் கரையின் அன்றாடம் நமக்குத் தெரிகிறது. குடும்பம் நெஞ்சோடு அணைப்பதும் வரலாறு கேட்பதும் பல வீடுகளில் எதிரெதிர்க் கட்டுகளில் இருக்கின்றன. 1957இல் மிளகு முன்பேர வணிகம் மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் தொடங்கியது. இன்று அங்கே கூச்சலிட்டு ஏலம் கேட்பது இல்லை, கிடங்குகள் பலவும் கலைப்பொருள் கடைகளாகவும் உணவகங்களாகவும் மாறிவிட்டன. சுமட்டுக் கூலி எவ்வளவு என்று எழுதிய பேரேடு வீட்டுத் திண்ணையில்தான் கிடக்கும். எறணாகுளத்தில் கேரள ஆவணக் காப்பகத் துறையின் வட்டாரக் காப்பகம் இருக்கிறது. அங்கே ஒருமுறை கேட்டுவிட்டு, அதன் பிறகு ஆக்ரிக்காரரைக் கூப்பிடுங்கள்.